கல் என்று நினைத்து ஊன்றிய கால்

போன ஆவணியில் திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக்குப் போய்வந்ததிலிருந்து ஒரு சத்தம் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நன்றாகக் காய்ந்த ஒடியலை, அந்தப் பனங்கிழங்கு வற்றலை, முறித்தால் வருமே, ஏறக்குறைய அந்தச் சத்தம். கேட்டது தண்ணீருக்குள் என்பதால் காதால் கேட்டேனா காலால் கேட்டேனா என்று இன்றுவரை பிடிபடவில்லை. முறிந்தது புறாத்தீவில் ஒரு பவளக் கிளை. முறித்தது என் இடது கால். யாரும் தண்டம் கேட்கவில்லை, யாரும் படமெடுத்து முகநூலில் போட்டு ஏசவில்லை. எனக்கும் என் மகளுக்கும் எங்களைக் கூட்டிக்கொண்டு போன படகுக்காரத் தம்பிக்கும், பிறகு நானே சொன்ன ஒரு சிநேகிதிக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எழுதாமல் விட்டிருந்தால் அப்படியே போயிருக்கும். மாதக்கணக்காகியும் போகவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் தீவுக்காரி, ஆனால் நீந்தத் தெரியாதவள். அம்மாவின் ஊர் நெடுந்தீவு. பள்ளிக்கூட விடுமுறை வந்தால் குறிகட்டுவானில் படகேறி ஒரு மணி நேரம் ஆடி அசைந்து போய் இறங்குவோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். மாமாவின் பெடியள் இறங்குதுறையிலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள். எங்களுக்குக் கணுக்கால் மட்டும் அனுமதி. பெரியபிள்ளையான பிறகு அந்தக் கணுக்காலும் இல்லை. கடல் என்றால் எனக்குக் காற்றும் உப்பும் கருவாட்டு மணமும் தூரத்து நீலமும்தான். அதற்குள் ஒரு உள் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நாற்பத்து நான்கு வயதில் கொழும்பில் நீச்சல் வகுப்புக்குப் போனேன். ஆறு மாதத்தில் தடாகத்தின் அகலத்தை மூச்சு வாங்க வாங்கக் கடக்குமளவுக்குத் தேறினேன். ஆகவே, படகில் ஏறும்போது அந்தத் தம்பி “அக்கா நீந்துவீங்களோ?” என்று கேட்டதற்கு, “ஓம், கொஞ்சம்” என்றேன். பிரச்சினை அந்தக் கொஞ்சத்தில்தான் தொடங்கியது.

புறாத்தீவு கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். வெள்ளைக்காரன் காலத்தில் அதைச் சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தார்களாம். 1963-இல் சரணாலயமாக்கி, 2003-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் இருப்பதால் அந்தப் பெயர். ஆனால் வருகிற யாரும் புறாவைப் பார்க்க வருவதில்லை. தீவில் இறங்கியதும் காலடியில் கலகலவென்று சத்தம் வந்தது, உடைந்த பீங்கான் கோப்பைகள் மேல் நடப்பதுபோல. குனிந்து பார்த்தால் அந்தப் பக்கக் கரை முழுக்கச் செத்த பவளத்துண்டுகள். விரல் விரலாக, முட்டி முட்டியாக, வெள்ளை வெளேர் என்று. சிலர் அவற்றைக் கோபுரம் போல அடுக்கி அருகில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டேன். கல்தான், கனமான, சொரசொரப்பான கல். அந்த எண்ணத்தோடுதான் தண்ணீரில் இறங்கினேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

கண்ணையும் மூக்கையும் மூடும் நீச்சல் மாஸ்க்கின் உட்புறம் ஆவி படிந்து மங்காமலிருக்க எச்சிலைத் துப்பித் தேய்த்துக் கழுவச் சொன்னான் தம்பி. மகள் முகத்தைச் சுளித்தாள். பிறகு மூச்சு விடும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். முதலில் கேட்டது என் மூச்சு, ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் கொடுக்கும் நோயாளியின் மூச்சைப் போல. அது அடங்கியதும் இன்னொரு சத்தம் கேட்டது: அடுப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி, நாலா பக்கமிருந்தும், விடாமல். கடல் அமைதியானது என்று யார் சொன்னார்களோ தெரியாது. அந்தச் சத்தம் பவளங்களுக்கு இடையில் ஒளிந்திருக்கும் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்குவதால் வருவது என்று பிறகு படித்தேன். அந்த நேரத்தில் கடல் எதையோ தாளிக்கிறது என்றுதான் தோன்றியது.

என் மீன் அறிவெல்லாம் சட்டிக்குள் முடிகிற அறிவு. ஒரா என்றால் பால்சொதி, கலவாய் என்றால் குழம்பு, விளைமீன் என்றால் பத்தியக்காரருக்கு. அந்த அறிவோடு கீழே பார்க்கிறேன், ஒரா போகிறது. சந்தையில் சாம்பல் பூத்துக் கிடக்கும் அந்த ஒராவின் இனத்தில் இத்தனை மஞ்சளும் கோலமும் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சோடியாகப் போயின. ஒன்று பாறை இடுக்கில் தலையை விட்டு மேய, மற்றது தலையை நிமிர்த்தி நின்றது. ஏதோ சோம்பேறிப் புருஷன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடினால், பவளப்பாறைகளில் சோடியாக வாழும் ஒரா இனங்கள் முறை வைத்துக் காவல் காக்குமாம்; ஒன்று மேயும்போது மற்றது பார்த்துக்கொண்டு நிற்கும், பிறகு இடம் மாறும். நான் இத்தனை வருடமும் உரித்துக் கழுவிய மீன். கிளிமீன்கள் இன்னும் விசேஷம். அலகு போன்ற பற்களால் செத்த பவளத்தின் மேல் படர்ந்த பாசியைச் சுரண்டும்போது கறுக் கறுக் என்று கேட்கிறது. சுரண்டிய சுண்ணாம்பை அரைத்து வெண்மணலாகப் பின்னால் விடுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் போடக்கூடியது. நாங்கள் பாய் விரித்துக் கட்டுச்சோறு தின்னும் பால்வெள்ளை மணலில் ஒரு பங்கு அந்த வழியாக வந்ததென்று மகளிடம் சொன்னபோது, மாஸ்க் துப்பலுக்குச் சுளித்ததை விட அதிகமாகச் சுளித்தாள்.

எங்களுக்குப் பக்கத்தில் மிதந்த கூட்டத்தில் ஒருவர் பிஸ்கட் தூளைத் தூவினார். வரி வரியான சின்ன மீன்கள் கோயில் வாசலில் அன்னதானத்துக்கு முண்டியடிக்கிற மாதிரிப் பாய்ந்து வந்தன. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சட்டம் தெரியாதவர்கள், ஒழுக்கம் தெரியாதவர்கள் என்று மனதுக்குள் ஏசினேன். அடுத்த பத்து நிமிடத்தில் நான் செய்யப்போவது எனக்குத் தெரியாதே.

தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எல்லாமே கால் பங்கு கிட்டவாகத் தெரியும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். எனக்கு அது தெரியாது. கீழே ஒரு மணல் திட்டு தெரிந்தது. காலை நீட்டினால் எட்டும் என்று உடம்பு கணக்குப் போட்டு வைத்திருந்தது. எங்கோ ஒரு படகு திரும்பியதில் அலை ஒன்று வந்து குழாய்க்குள் உப்புத்தண்ணீர் இறங்கியது. ஊதித் தள்ள வேண்டும் என்று தம்பி சொல்லித்தான் இருந்தான். நான் விழுங்கினேன். இருமல் வந்தது, இருமினால் மூச்சில்லை, மூச்சுக்கு வாயைத் திறந்தால் இன்னும் தண்ணீர். காலைக் கீழே விட்டேன், மணல் இல்லை. எட்டும் என்று நம்பிய தரை எட்டாதபோது வருகிற பயத்தை நீந்தத் தெரிந்தவர்களுக்கு விளக்க முடியாது. மாடிப்படியில் இல்லாத படிக்குக் காலை வைப்போமே, அதை நூறால் பெருக்குங்கள். லைஃப் ஜக்கெற் என்னைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தியது, கால்கள் இரண்டும் கீழே தொங்கின, அலை என்னைப் பக்கவாட்டில் தள்ளியது. ஏதோ ஒன்று பாதத்தில் பட்டது. உறுதியானது. எந்த யோசனையும் இல்லாமல் என் முழுப் பாரத்தையும் அதில் இறக்கினேன். அப்போதுதான் அந்த ஒடியல் முறிந்தது.

ஆபத்தில் கை தவறி நடந்தது என்று இதை முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்ட கணத்தில் எனக்கு வந்தது ஆறுதல். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. காலுக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற ஆறுதல். முறிந்தது போக மிஞ்சியதில் இரண்டாவது காலையும் வைத்தேன். அதுவும் நொறுங்கியது. அதன்பிறகுதான் தம்பியின் சத்தம் கேட்டது: “அக்கா நிக்காதேங்கோ! படுங்கோ, படுத்து மிதவுங்கோ!” என் கையைப் பிடித்து இழுத்து, முகத்தை வானம் பார்க்கத் திருப்பிவிட்டான். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். மூச்சு வந்தது. உள்ளங்காலில் எரிவு, சின்ன வெட்டு.

தம்பி கீழே முங்கினான். மேலே இருந்து மாஸ்க் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்டிருந்த பவளத்தில் நடுவே ஒரு வெள்ளை முறிவு, புதிதாக உடைந்த தேங்காய்ப் பருப்பின் நிறம். ஒரு சாண் நீளத் துண்டு ஒன்று மணலில் கிடந்தது. அதை எடுத்துப் பக்கத்துப் பாறை இடுக்கில் நிமிர்த்திச் செருகி, ஆடாமல் இருக்க ஒரு சின்னக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு மேலே வந்தான். “சில வேளை பிடிக்கும், சில வேளை பிடிக்காது” என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்கிறேன் என்றே தெரியாமல் மூன்று நான்கு முறை கேட்டேன். அவன் ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவன் சொன்னது இதுதான்: “எல்லாரும் நிப்பினம் அக்கா. கல்லெண்டு நினைச்சுத்தான் நிப்பினம்.”

முருகையும் கல்லும்

இந்த ஒரு வரியோடுதான் இத்தனை மாதமாக மல்லுக்கட்டுகிறேன். கல் என்று நினைத்தது யார் குற்றம்? எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் முருகைக் கற்பாறை. தமிழ்நாட்டில் பவளப்பாறை. ஊரில் வெறும் முருகைக்கல். எப்படிச் சொன்னாலும் கடைசியில் கல்லில் வந்துதான் நிற்கிறது. அந்தப் ‘பவளம்’ கூட நம் கரைக்குரியது இல்லை. அம்மா செவ்வாய் தோஷத்துக்காகப் போட்டிருக்கும் மோதிரத்தில் உள்ள செம்பவளத்தின் இனம் மத்தியதரைக் கடலில் எடுப்பது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கிரேக்க வணிகர்களின் கப்பல்கள் முசிறியில் இறக்கிய சரக்குகளில் ஒன்று. நவமணிகளில் சேர்த்து வைத்த அந்த வார்த்தையை எடுத்து, நம் கரையில் கோடிக்கணக்கில் உயிரோடிருந்த இன்னொன்றுக்குச் சூட்டினோம், கூடவே பாறை என்று ஒரு வாலும் ஒட்டினோம். பவளம் என்றால் நகை, பாறை என்றால் கட்டடம். உயிர் என்று எந்தப் பக்கமும் இல்லை.

உயிர் எப்படிப்பட்டது என்றால், அது பூவுமில்லை செடியுமில்லை, மிருகம். ஊசிமுனை அளவுக்கு, வாய் ஒன்றும் அதைச் சுற்றி விரல்களுமாக, ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் அடுக்குமாடி கட்டிக் குடியிருக்கின்றன. அவற்றின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாடகைக்கு இருக்கிறது; வெயிலில் சமைத்து, சாப்பாட்டில் பெரும் பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. நிறமும் அந்தப் பாசி தந்ததுதான். கடல் வழக்கமான கோடைச் சூட்டை விட ஒரு பாகை அதிகமாகி அப்படியே சில வாரம் நின்றுவிட்டால் பவளம் வாடகைக்காரரை வெளியே தள்ளிவிடுகிறது, வெளிறிப்போகிறது, சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகிறது. உருண்டையாக வளரும் வகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். நான் முறித்த கிளைவிடும் வகை கொஞ்சம் வேகமானது. ஆனாலும் அந்த ஒரு சாண் துண்டுக்கு இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். மகள் உயர்தரம் படித்து முடிக்க எடுத்த காலம்.

சரி, சொல்லின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று பார்த்தால், நெடுந்தீவு குறுக்கே வந்து நிற்கிறது. போனவர்களுக்குத் தெரியும், அங்கே வேலி என்று ஒன்று கிடையாது, எல்லாம் முருகைக்கல் மதில். சாந்தில்லாமல், கல்லின் மேல் கல்லாக, பிடிமானம் பார்த்து அடுக்கியது. வீட்டு மதில், தோட்ட மதில், ஒழுங்கை மதில். ஒல்லாந்தர் கோட்டையும் அதே கல். தாத்தா தன் கையால் அடுக்கிய மதிலில் சாய்ந்துதான் நான் மாங்காய் தின்றிருக்கிறேன். கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கியும், நிலத்தைக் கிண்டியும் எடுத்தது, எப்போதோ செத்துப்போன பவளம், அதற்காக யாரும் உயிருள்ளதை உடைக்கவில்லை என்று மனதுக்குள் ஒரு சட்டத்தரணி வாதாடுகிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மதிலில் சாய்ந்து வளர்ந்ததால்தான் என் காலுக்கு அதைப் பார்த்ததும் கல் என்று தோன்றியது என்பதும் சரி.

தெற்கில் கதை இன்னும் கடுமையானது. அக்குரலை, அம்பலாங்கொடைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பவளத்தை வெட்டிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். வீடு வெள்ளையடிக்கவும் கட்டவும் அதுதான். 1988-இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தித் தடை செய்தபோதும் அது உடனே நின்றுவிடவில்லை. 2004 சுனாமியில் ஹிக்கடுவையில், பவளம் பாதுகாக்கப்பட்டிருந்த இடத்தில், அலை இரண்டு மூன்று மீற்றர்தான் எழும்பியது. ஐம்பது மீற்றர் அளவுதான் உள்ளே வந்தது. வடக்கே மூன்று கிலோமீற்றர் தள்ளிப் பெரேலியவில், பவளத்தை வெட்டியெடுத்திருந்த இடத்தில், பத்து மீற்றர் அலை, ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே. அலை அடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்த அந்த ரயில் நின்றது பெரேலியவில். கடலடித் தரையின் அமைப்பு, கரையின் வளைவு என்று வேறு காரணங்களும் சேர்ந்திருக்கும். ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வெற்றிலைத் தட்டின் சுண்ணாம்பை என்னால் பழைய மாதிரிப் பார்க்க முடியவில்லை.

போகலாமா

ஊர் திரும்பியதும் சிநேகிதி ஒருத்தியிடம் சொன்னேன். “உங்களை மாதிரி ஆக்கள் போறதாலதான் அழியுது. பூட்டி வைக்க வேணும்” என்றாள். உடனே எனக்குள் ஒரு எதிர்வாதம் துள்ளியது. 1998-இல் கடல் சூடேறித் தெற்கிலும் மேற்கிலும் ஆழம் குறைந்த இடத்துப் பவளங்கள் பெருமளவில் வெளிறிச் செத்தன, திருகோணமலைப் பக்கம் அந்த முறை பெரும்பாலும் தப்பியது. 2024-இல் உலகம் முழுக்க நான்காவது பெருவெளிறல் என்று அறிவித்தார்கள். சூடு ஒரு பருவத்தில் கொல்வதை ஆயிரம் கால்கள் ஆயிரம் நாள் மிதித்தாலும் கொல்ல முடியாது, என் கால் எந்த மூலைக்கு? இப்படிச் சொல்லிக்கொண்டே போனபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. ஊரே பற்றி எரிகிறது, ஆகவே நான் ஒரு கூரையைப் பிய்த்தது கணக்கில் வராது என்கிற நியாயம் அது. இன்னொரு பக்கம், காய்ச்சலில் கிடந்து எழும்பிய உடம்பை மிதிக்கக் கூடாது என்பதற்கு மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை.

ஆனால் பூட்டி வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. யுத்த காலத்தில் எங்கள் கடலைப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். பூட்டிய கடலைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அதற்கு முன்னால் பெண்களுக்கு அது எப்போதும் பூட்டித்தான் இருந்தது. அந்தத் தம்பியின் அப்பா மீன்பிடிகாரர். மகன் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சவாரி ஓட்டுகிறான்; வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கினால் படகைக் கரையேற்ற வேண்டியதுதான். பவளம் செத்தால் முதலில் பட்டினி கிடப்பது அவன். அவன் கை அந்தத் துண்டைச் செருகிய விதத்தை நான் பார்த்தேன்.

என் கருத்து என்று ஒன்று தேறியிருந்தால், அது மிகவும் சின்னது. புதிதாக இறங்குகிற ஆளை அரை மணி நேரம், மணல் தரையுள்ள இடத்தில், குழாய்க்குள் தண்ணீர் போனால் ஊதித் தள்ளவும் குப்புற மிதந்தபடியே மூச்சை மீட்கவும் பழக்கிவிட்டுத்தான் பவளத்துக்கு மேலே விடவேண்டும். லைஃப் ஜக்கெற் உயிரைக் காக்கும், ஆனால் ஆளை நிமிர்த்தி நிறுத்தும். நிமிர்ந்தவருக்குக் கால் கீழே போகும். இதை யாராவது எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். நானும் “கொஞ்சம்” என்று சொல்லாமல் “இல்லை” என்று சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு மறுபடி இறங்கமாட்டேன் என்றுதான் கரையில் உட்கார்ந்திருந்தேன். மகள் விடவில்லை. “அம்மா, நான் கையைப் பிடிக்கிறன், நீங்கள் பேசாமல் படுங்கோ” என்றாள். பேசாமல் படுத்தேன். இந்த முறை எதையும் தேடவில்லை, காலை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன், கால் மேலே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று. மகள் கையை இறுக்கினாள். முன்னால் ஒரு சுறா. முதுகுத் துடுப்பின் நுனியில் மைதொட்ட மாதிரிக் கறுப்பு, என் நீளம்கூட இருக்காது. அது எங்களைப் பார்த்தது, பார்த்து ஒதுங்கி ஒரு வளைவெடுத்து, எந்த அவசரமும் இல்லாமல் நீலத்துக்குள் போய்விட்டது. அதன் உடம்பில் எதுவும் எதிலும் முட்டவில்லை. பொறாமையாக இருந்தது.

தைப்பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போனேன். பழைய வீட்டில் இப்போது யாருமில்லை, கூரையும் பாதி இல்லை. மதில் மட்டும் அப்படியே. கிட்டப் போய்ப் பார்த்தேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. ஒரு கல்லில் நெருக்கமாக நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு வாய் இருந்த இடம். அடுத்ததில் மூளையின் மடிப்புகள். இன்னொன்று நான் முறித்த மாதிரியே விரல் விரலாக. அம்மாவிடம் சொன்னேன், இதெல்லாம் உயிரோடிருந்தது, ஒவ்வொரு துளையிலும் ஒன்று என்று. அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “கடலுக்க போய் இதைத்தான் பாத்தனியோ?” என்றார். பிறகு ஒழுங்கையில் உருண்டு கிடந்த ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, மதிலில் விழுந்திருந்த ஓட்டையில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. திருப்பி வைத்து, ஆடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லை முட்டுக்கொடுத்தார்.

“ஆடு ஏறி ஏறி விழுத்திப்போடுது” என்றார்.